மறுகால் பாய்ந்த வருஷம்

சென்னையில் இருந்தாலும், காலையில் காப்பிக்கு முன்னால் செய்தித்தாளின் நெல்லைப் பதிப்பைப் போனில் திறந்து அணைகளின் நீர்மட்டத்தைப் பார்த்துவிடுவேன். பாபநாசம் 143 அடியில் இன்று எத்தனை, சேர்வலாறு 156இல் எத்தனை, மணிமுத்தாறு 118இல் எத்தனை. எனக்கு வயல் கிடையாது, அப்பா காலத்திலேயே விற்றாயிற்று. விடுமுறை கிடைத்தால் ஊருக்குப் போய்ப் படம் எடுக்கிறவன் நான். எந்த லென்சை எடுத்துக்கொண்டு எந்தப் பக்கம் போவது என்பதை அந்த மூன்று எண்களை வைத்துத்தான் முடிவு செய்கிறேன். இந்தப் பழக்கம் நெல்லை மாவட்டத்துப் பறவைகள் சரணாலயமான கூந்தன்குளத்தில் ஆரம்பித்தது.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு தை மாதம். மனசுக்குள் ஒரு படத்தை வைத்துக்கொண்டு போனேன். வரித்தலை வாத்துக் கூட்டம் தண்ணீரிலிருந்து எழும்ப வேண்டும், பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை நீலமாகத் தெரிய வேண்டும். அந்த வாத்து மங்கோலியாவிலும் திபெத்திலும் குஞ்சு பொரித்துவிட்டு, இமயமலையைத் தாண்டி, குளிர்காலத்தைக் கழிக்க நம் குளங்கள்வரை இறங்கி வருகிற பறவை. எடை இரண்டு, மூன்று கிலோதான். வெள்ளைத் தலையின் பின்பக்கம் கறுப்பாக இரண்டு பட்டை ஓடும். அந்த மலையைத் தாண்டி வந்த பறவைக்குப் பின்னால் நம் பொதிகை மலை வரிசை நின்றால் எப்படி இருக்கும் என்று நினைத்து நினைத்தே ஒரு வருஷம் போயிருந்தது.

கணக்கெல்லாம் சரியாகப் போட்டிருந்தேன். தையில் சூரியன் தென்கிழக்கிலிருந்து எழும்பும். கரையில் நின்று மேற்கே பார்த்தால் வெயில் என் முதுகுப் பக்கம் இருக்கும், வாத்துகளின் மேலும் மலையின் மேலும் நேராக விழும். ஏழு மணியிலிருந்து எட்டு மணிவரை அந்த வெளிச்சம் தாங்கும். அப்புறம் மலை வெளிறிப் புகை போலாகிவிடும். ஷட்டர் 1/1600, ஐஎஸ்ஓ 800வரை போகலாம். தூரத்தைக் கிட்டே இழுக்கும் 150-600 லென்ஸ் ஒன்றே போதும் என்று முடிவு செய்து, பக்கத்தில் இருப்பதை அகலமாகக் காட்டும் 35 மி.மீ. லென்சைப் பாளையங்கோட்டையில் வீட்டிலேயே வைத்துவிட்டேன். பெரிய லென்சே இரண்டு கிலோ. பையைக் கனமாக்க வேண்டாம் என்ற எண்ணம்.

மூலைக்கரைப்பட்டி வழியாக இருட்டோடு போய்ச் சேர்ந்தேன். வெளுத்தபோது குளம் தெரிந்தது. விளிம்பே இல்லாமல் தெரிந்தது. கரையின் உள்பக்கத்துப் புல்வரை தண்ணீர். கருவேல மரங்கள் இடுப்பளவு முங்கி நின்றன. தூரத்தில் எங்கேயோ சோவென்று தண்ணீர் விழுகிற சத்தம். தாழைக்கோழிகளும் நாமக்கோழிகளும் இருந்தன. நீர்க்காகங்கள் இருந்தன. வாத்து ஒன்றுகூட இல்லை.

கரையில் மண்வெட்டியோடு ஒரு பெரியவர் வந்தார். மடை பார்க்கிறவர். முக்காலியையும் லென்சையும் பார்த்துவிட்டு, "எதைத் தேடுதீய தம்பி?" என்றார்.

"வரித்தலை வாத்து ஐயா."

"அது எங்க இருக்கும்? குளம்தான் மறுகால் பாயுதே."

மறுகால் பாய்வது என்றால் குளம் நிறைந்து வழிவது. அதற்கும் வாத்துக்கும் என்ன என்று எனக்குப் புரியவில்லை. தண்ணீர்ப் பறவைக்குத் தண்ணீர் நிறைய இருந்தால் நல்லதுதானே என்று கேட்டேன். அவர் கரையில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். அந்த வாத்து ராத்திரி வயலில் மேயும், பகலில் குளத்தோரம் வந்து நின்று ஓய்வெடுக்கும். நிற்க மேடு வேண்டும், கொஞ்சம் சேறு வேண்டும். பூநாரைக்குக் கணுக்கால் தண்ணீர் வேண்டும். உள்ளானுக்கு ஈர மண்ணே போதும். குளம் நிறைந்து கிடந்தால் இதெல்லாம் எங்கே நிற்கும்? சுற்றுவட்டாரத்தில் இருக்கும் குளங்களில் எதில் தண்ணீர் குறைவோ அதற்குப் பிரிந்து போய்விடும். "மாசி பிறந்து தண்ணி வத்தட்டும். இங்கன சேறு தெரியும். அப்பம் வாங்க."

மாசியில் எனக்கு விடுப்பு இல்லை. அதை அவரிடம் சொல்ல ஒரு மாதிரி இருந்தது. இமயமலையைத் தாண்டி வருகிற பறவையின் நேரத்தை என் அலுவலக விடுப்போடு ஒட்டிப் பார்த்திருக்கிறேன். சூரியன் எந்தப் பாகையில் உதிக்கும் என்று செயலியில் பார்த்தவன், குளத்தில் எத்தனை அடி தண்ணீர் என்று யாரிடமும் கேட்கவில்லை. வெளிச்சத்தை வீட்டிலிருந்தே கணக்குப் போடலாம். தண்ணீரை ஊரில்தான் கேட்க வேண்டும். அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகை மழை நன்றாகப் பெய்திருந்தது. கூந்தன்குளத்துக்கு மணிமுத்தாற்றுக் கால்வாய்த் தண்ணீரும் வரும். அன்றைக்கு எட்டு மணிக்கு என் வெளிச்சம் முடிந்தது. ஒரு படமும் எடுக்கவில்லை.

கிளம்பலாம் என்று ஊருக்குள் நடந்தபோதுதான் நாற்றம் வந்தது. மீன் கவிச்சையும் எச்சமும் கலந்த நாற்றம். நிமிர்ந்து பார்த்தால் வேப்பமரம் முழுக்க மஞ்சள் மூக்கு நாரை.

கூந்தன்குளத்தைப் பற்றி ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தேன். பறவைகள் ஊருக்குள் வீட்டு மரங்களில் கூடு கட்டும், அவை மிரளும் என்று அந்த ஊரில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை, எச்சம் கலந்த குளத்துத் தண்ணீரும் வண்டலும் வயலுக்கு உரம். எல்லாம் தெரியும். ஆனாலும் என் திட்டத்தில் ஊர் இல்லை, குளம் மட்டும்தான் இருந்தது. ஒரு படத்தை மனசில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு போகிறபோது மற்றதெல்லாம் போகிற வழியாகிவிடுகிறது. காலையில் இருட்டில் அதே மரத்தடி வழியாகத்தான் நடந்து போயிருக்கிறேன்.

ஓட்டு வீடு. முற்றத்தின் ஓரத்தில் அந்த வேம்பு. ஒவ்வொரு கிளையிலும் இரண்டு, மூன்று கூடுகள். வளர்ந்த நாரைக்குப் பெரிதாகக் குரல் கிடையாது, அலகை அடித்துத்தான் சத்தம் எழுப்பும். குஞ்சுகள் அப்படி இல்லை, தாய் தலை தெரிந்தாலே ஒரே இரைச்சல். அடுத்த வீட்டுப் புளியில் கூழைக்கடாக்கள். முற்றத்து மண் சுண்ணாம்பு கொட்டியது போல வெளுத்திருந்தது. அதன் நடுவில் ஓர் ஆச்சி குடையைத் தோளில் இடுக்கிக்கொண்டு நெல் புடைக்க உட்கார்ந்திருந்தார். வெயிலுக்கு இல்லை, எச்சத்துக்கு.

"ஏன்யா வெயில்ல நிக்க? திண்ணையில வந்து இரு" என்றார்.

இருந்தேன். மோர் கொடுத்தார். துணி காயப்போடும் கொடியை மரத்தடியிலிருந்து பின்பக்கம் மாற்றிக் கட்டியிருந்தார். பிரசவத்துக்கு வந்த பிள்ளையை வெளியே போகச் சொல்வோமா என்றார். காற்றடித்துக் குஞ்சு கீழே விழுந்தால் எடுத்து வைத்து மீன் கொடுப்பார்களாம். எத்தனை பிழைக்கும் என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை, நெல்லைப் புடைத்துக்கொண்டே இருந்தார். இந்த வருஷம் இவ்வளவு கூடு இருக்கிறதே என்றேன். "குளம் நெறஞ்சாத்தான்யா இதுக வரும். மீன் வேணும்லா?" என்றார்.

கரையில் பெரியவர் சொன்னதும் திண்ணையில் ஆச்சி சொன்னதும் ஒரே தண்ணீரைப் பற்றித்தான். நிறைந்த குளம் வாத்தை விரட்டியது, நாரையைக் கூப்பிட்டது. என் படத்தைக் கெடுத்த அதே தண்ணீர்தான் இந்த மரத்தை நிறைத்திருந்தது. ஒரே காரணம், கால் மைல் தூரம்.

கேமராவை எடுத்தேன். அப்போதுதான் கஷ்டம் தெரிந்தது. 150 மி.மீ.யில் ஒரு கூடு வந்தது. மரம் வரவில்லை. பின்னால் நகர்ந்தேன், தெருவின் எதிர்ச் சுவரில் முதுகு இடித்தது. நாரையின் அலகு, கண், இறக்கையோரத்து இளஞ்சிவப்பு எல்லாம் எண்ணிக்கொள்ளலாம் போலத் துல்லியமாகக் கிடைத்தது. ஆனால் அந்த நாரையை எந்தக் குளத்தில் வேண்டுமானாலும் எடுத்துவிடலாமே. இங்கே படம் வேறு. மேலே நாரைகள், நடுவில் ஓடு, கீழே குடை, குடைக்கடியில் ஆச்சி, முறம். மேலிருந்து கீழ்வரை ஒரே சட்டத்துக்குள் வந்தால்தான் இந்த ஊர் அதில் இருக்கும். அதற்கு வேண்டியிருந்த லென்ஸ் பாளையங்கோட்டையில் அலமாரிக்குள் கிடந்தது.

இதை நான் ரொம்ப யோசித்திருக்கிறேன். பயணத் திட்டம் என்று நாம் போடுவது போகிற இடத்தையும் நேரத்தையும் மட்டும் முடிவு செய்வதில்லை. எந்தக் கண்ணாடி வழியாகப் பார்ப்போம் என்பதையும் கிளம்புவதற்கு முன்பே முடிவு செய்துவிடுகிறது. நீண்ட லென்சோடு போகிறவனுக்குத் தூரத்துப் பறவைதான் கண்ணில் படும். பக்கத்தில் இருக்கும் ஆள் அவனுக்கு ஒரு தடங்கல். ஆச்சி என்னைக் கூப்பிடாமல் இருந்திருந்தால் நான் அந்தக் குடையைப் பார்த்திருக்கவே மாட்டேன்.

போனில் எடுத்தேன். உச்சி வெயில் நெருங்கும் நேரம், படம் எடுக்க ஆகாதென்று எல்லாரும் சொல்லும் நேரம். வானம் வெளுத்து நாரைகளின் வெள்ளை அதில் கரைந்துவிடும்போல இருந்தது. வெளிச்ச அளவை நன்றாகக் கீழே இறக்கினேன். ஆச்சியின் முகம் குடை நிழலில் இருண்டது. முற்றத்தில் வெளுத்துக் கிடந்த எச்சம்தான் வெளிச்சத்தைக் கீழிருந்து திருப்பி அடித்து அந்த முகத்தைக் காப்பாற்றியது. வேறு எந்த முற்றத்திலும் அப்படி வந்திருக்காது. பதினொரு மணிக்கு எடுத்த அந்தப் படம்தான் இன்றுவரை என்னிடம் இருப்பதில் எனக்குப் பிடித்தது.

மறுநாள் மாஞ்சோலை. அதுவும் நடக்கவில்லை. ராத்திரி மழையில் மலைப்பாதையை மூடியிருந்தார்கள். மணிமுத்தாற்றிலிருந்து திரும்பி, அம்பாசமுத்திரம் தாண்டித் திருப்புடைமருதூர் போனேன். இந்தத் தடவை 35 மி.மீ. பையில் இருந்தது.

கடனா நதி தாமிரபரணியில் வந்து சேரும் ஊர் அது. நாறும்பூநாதர் கோயில். ராஜகோபுரத்தின் உள்ளே நிலைக்கு நிலை மரச் சிற்பமும் சுவரோவியமும் உண்டு, அனுமதி வாங்கித்தான் ஏற முடியும். எனக்கு அன்று அனுமதி இல்லை. வெளியே மரங்களில் இங்கேயும் நாரையும் கொக்கும். 2005இல் இந்த ஊரைப் பறவைகள் காப்பகமாக அறிவித்தார்கள். நான் நினைத்துப் போனது படித்துறை. விடியற்காலை, ஆற்றில் ஆவி எழும்பும், படியில் ஈரச் சேலைகள். அப்படிப்பட்ட படங்களை நிறையப் பார்த்திருப்பீர்கள், பரிசு வாங்கியவைகூட இருக்கும்.

போய் நின்றபோது நாலைந்து பெண்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் என் தோளில் தொங்கிய கேமராவைப் பார்த்துவிட்டுத் தண்ணீருக்குள் கழுத்துவரை இறங்கினார். அவ்வளவுதான். நான் திரும்பி மேலே ஏறி, மருதமரத்தடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டேன். குளிக்கிறவர்களைக் கேட்காமல் எடுக்கக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. ஆறு பொது இடம் என்று வாதம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆறு பொதுதான், குளிக்கிற உடம்பு பொது இல்லை. அவர்கள் போன பிறகு ஆவியும் போய்விட்டது. ஈரக் காலடிகள் படிகளில் இருந்தன. வெயில் ஏற ஏறக் கீழ்ப்படியிலிருந்து ஒவ்வொன்றாக மறைந்தன. அதை எடுத்தேன். சுமாரான படம்தான், ஆனால் வைத்திருக்கிறேன்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லும்போது 2023 டிசம்பரைத் தாண்டிப் போக முடியவில்லை. பல வருஷமாக என்னிடம் இன்னொரு படத்துக்கான திட்டம் இருந்தது. நெல்லையில் குறுக்குத்துறை முருகன் கோயில் தாமிரபரணி ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வந்தால் முங்கும். உற்சவரை முன்கூட்டியே கரையிலிருக்கும் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். வெள்ளம் வருகிற திசையில் சுவரை ஓடத்தின் முனை போலக் கட்டியிருப்பதால் தண்ணீர் இரண்டாகப் பிரிந்து போகும், கோயில் அசையாது. செம்மண் வெள்ளம் சுற்றி ஓட, கோயிலின் தலை மட்டும் தெரிகிற படம். எந்த இடத்தில் நிற்க வேண்டும், எத்தனை நொடி ஷட்டரைத் திறந்து வைத்தால் வெள்ளம் பட்டுத்துணி போல வரும் என்பதுவரை குறித்து வைத்திருந்தேன்.

டிசம்பர் 17, 18. நான் ஊரில் இருந்தேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணியில் வந்த தண்ணீர் கோயிலோடு நிற்கவில்லை. நெல்லை நகருக்குள் சிந்துபூந்துறை, கைலாசபுரம், மீனாட்சிபுரம் எல்லாம் தண்ணீர். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பேர் மாட்டிக்கொண்டார்கள். மழை கொஞ்சம் விட்டதும் கேமராவை எடுத்துக்கொண்டு சுலோசன முதலியார் பாலம்வரை போனேன். 1843இல் சுலோசன முதலியார் தன் கைக்காசைப் போட்டுக் கட்டிக்கொடுத்த பாலம். கீழே ஓடியது ஆறு மாதிரியே இல்லை. அதில் கதவு ஒன்று மிதந்து போனது, தாழ்ப்பாளோடு. அதைப் பார்த்த பிறகு பட்டுத்துணி மாதிரி ஷட்டரைத் திறந்து வைக்க எனக்குக் கை வரவில்லை.

படம் எடுக்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. அன்றைக்கு எடுத்தவர்கள் இருந்தார்கள், அவர்கள் எடுத்ததால்தான் வெளியூருக்கு விஷயம் தெரிந்தது. செய்திக்காரர்களின் வேலை அது, பெரிய வேலை. என் திட்டத்தில் இருந்த படம் வேறு வகை. அது வெள்ளத்தை அழகாக்கப் பார்த்த படம். வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒருவர் காரை நிறுத்தி, போன் சார்ஜ் போட முடியுமா என்று கேட்டார். ஏரலில் இருக்கும் அக்காவிடம் பேசி ஒரு நாள் ஆகிறது என்றார். கேமரா பேட்டரிக்காகக் காரில் நான் வைத்திருந்த சார்ஜரில் நான்கு போன் ஒரே நேரத்தில் போடலாம். அன்று சாயங்காலம்வரை காரை ஒரு மேட்டில் நிறுத்தி, யார் யார் போனோ சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தேன். எந்தப் போன் யாருடையது என்று மறக்காமலிருக்க, போன்களை வரிசையாக வைத்து, பின்னால் அவரவர் கையையும் சேர்த்து நிற்கவைத்து ஒரு படம் எடுத்தேன். அந்த வெள்ளத்தில் நான் எடுத்தது அது ஒன்றுதான்.

அடுத்த மாதம் குதிரைமொழித் தேரிக்குப் போனேன். திருச்செந்தூர்ப் பக்கத்துச் செம்மணல் மேடு. மணலின் மேல் இரும்புத் துரு படிந்து வந்த சிவப்பு. காற்று வரைந்த வரிகளை அந்தி வெயிலில் எடுக்கலாம் என்று போனால், பள்ளங்களில் தண்ணீர் நின்றது. மேடெல்லாம் மெல்லிய பச்சை. வரியைக் காணோம். ஆனால் இந்தத் தடவை எனக்கு ஏமாற்றம் வரவில்லை. மழைக் கணக்கு மனசில் இருந்தது, ஓரளவு எதிர்பார்த்தேதான் போயிருந்தேன். சிவப்பு மணல் நடுவே தேங்கிய தண்ணீரில் பனைமரம் தலைகீழாகத் தெரிந்தது. முழங்கால் மடித்து, 35 மி.மீ. லென்சைத் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே பிடித்து எடுத்தேன். இருட்டும்வரை அங்கேயே இருந்தேன்.

வாத்துப் படம் இன்னும் கிடைக்கவில்லை. ஒரு மாசியில் போனேன், பெரியவர் சொன்னபடியே சேறு தெரிந்தது, ஐம்பது அறுபது வாத்துகள் நின்றன. மலையை மூட்டம் மறைத்திருந்தது. இன்னொரு வருஷம் மழை பொய்த்துக் குளம் வெடித்துக் கிடந்தது, வேம்பிலும் கூடு இல்லை. ஆச்சி கொடியைப் பழைய இடத்துக்கே மாற்றிக் கட்டியிருந்தார். அந்த இடம் காலியாகக் கிடந்த மாதிரி எனக்குப் பட்டது.

போன தையில் அந்தக் குடைப் படத்தைப் பெரிதாக அச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். குளம் பாதிக்கு மேல் இருந்தது. மரத்தில் ஏழெட்டுக் கூடுகள். ஆச்சி கண்ணாடி போட்டுக்கொண்டு படத்தை வெகுநேரம் பார்த்தார். தன் முகத்தைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். விரலை மேல்மூலையில் வைத்து, "இந்தக் கொப்பு இப்பம் இல்ல. காத்துல ஒடிஞ்சிட்டு. ரெண்டு கூடு இருந்த கொப்பு" என்றார். அப்புறம் எழுந்துபோய் மரத்தடியில் நின்று, ஒடிந்த இடத்தைக் காட்டினார். அதன் கீழே புதிதாக ஒரு கிளை துளிர்த்து என் கை நீளத்துக்கு வந்திருந்தது.

"இதையும் எடுத்து வச்சுக்கோ" என்றார்.